கறுத்த நகமும் ஆரஞ்சு ஷூவும்

போன வாரம் குன்னூரில் ஒரு ஷூ கடைக்குப் போனேன். ஓடுகிறவர்களுக்கு மட்டுமேயான கடை. செருப்பு கிடையாது, ஸ்கூல் ஷூ கிடையாது. நடுவே ஒரு ட்ரெட்மில் — வாங்குவதற்கு முன் அதில் ஓடிக் காட்ட வேண்டுமாம்!

ஓடப்போவது நானில்லை, என் நாத்தனார் சரசு. டீ ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். ஐம்பதைத் தாண்டியவள். விடிந்ததும் எஸ்டேட் ரோட்டில் ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். ஆனால் இறக்கம் வந்தால் கால்விரல் வலியில் உயிர் போகிறது.

"இங்கயும் சரியா அமையலைன்னா ஓட்டத்தையே விட்டர்றேன் அண்ணி" என்றாள் பஸ்ஸில். கொஞ்சம் கழித்து, "ஓடறப்ப மட்டுந்தான் யாரும் என்னை எதுக்கும் கூப்பிடறதில்ல..."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்காரர் இளைஞர், அவரும் ஓடுகிறவர்தான். சாக்ஸைக் கழற்றச் சொன்னார். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன.

"என்ன சைஸ் போடறீங்கக்கா?"

"அஞ்சுங்க. காலேஜ்ல இருந்தே அஞ்சுதான்."

பாதத்தை அளந்து பார்த்தார். "உங்க கால் ஆறரைங்க. இறக்கத்துல விரல் முன்னால போய் இடிக்குது. ஏழு போட்டுப் பாருங்க."

சரசு தன் காலையே யாருடையதோ போலப் பார்த்தாள்.

வீட்டில் எல்லோருடைய செருப்பு சைஸும் நமக்கு மனப்பாடம். நம் காலைக் கடைசியாக எப்போது அளந்தோம்? உடம்பு மாறிவிட்டது... நாம் பழைய நம்பரையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

பளீரென்ற ஆரஞ்சு ஷூ. ட்ரெட்மில்லைப் பார்த்ததும் தயங்கினாள்.

"ஏனுங்க, ஆபீஸ்ல இருந்து நேரா வர்றேன். சேலையோடவா ஓடறது?"

"மெதுவா ஓடினாப் போதுங்க்கா."

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முதலில் கம்பியை இறுகப் பிடித்தபடி நடை. பிறகு ஓட்டம். பிறகு... கம்பியை விட்டுவிட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் ட்ரெட்மில்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"நிறுத்தட்டுங்களா?"

"இருங்க. இன்னுங் கொஞ்சம் வேகமா வைங்க."

ஞாயிற்றுக்கிழமை, மூடுபனிக்குள்ளிருந்து சரசு ஓடி வந்தாள். பின்னால் அதிகம் பேர் இல்லை. முகம் சிவந்து, சிரித்துக்கொண்டே முடிவுக் கோட்டைத் தாண்டினாள்.

தண்ணீர் பாட்டிலை நீட்டி, "விரல் வலிக்குதா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள் மூச்சு வாங்க. "கோத்தகிரியில இருபத்தொரு கிலோமீட்டர் வெக்கறாங்களாம். எங்க பேர் குடுக்கறதுன்னு விசாரிச்சுட்டு வாங்க."