அப்பாவின் பச்சை விளக்கு

பினாங்கிலும் பனிக்காலம் உண்டு என்று எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் தலைமையாசிரியர். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு அவர் 'வின்டர் டெர்ம்' என்று பெயர் வைத்திருந்தார். பெயர் வைத்ததோடு விடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் வருவார். சூப் குடிக்கும்போது கழுத்தில் வியர்வை வழியும். மழை விட்டு, வாடை கொஞ்சம் வீசி, விடியற்காலையில் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்ளத் தோன்றும். எங்கள் குளிர் அவ்வளவுதான். ஆனாலும் பனிக்கால மாலை ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, தென்னை மரங்களின் மேல் வெள்ளை வெளேரென்று பனி கொட்டியதாக எழுதினேன். ஆங்கில ஆசிரியர் அதற்குச் சரி போட்டுவிட்டார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் பள்ளிக்குப் பெயர்தான் காலேஜ், உள்ளே என்னைப் போன்ற பொடியன்களும் படித்தோம். அம்மா அந்த வித்தியாசம் எல்லாம் பார்க்கவில்லை. "எம்புள்ள காலேஜுல படிக்குது" என்று அக்கரையில் இருந்த ரயில்வே குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். உபகாரச் சம்பளம் கிடைத்துச் சேர்ந்தவன் நான். விடுதியிலேயே தங்க வேண்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போய் வரலாம், சொல்லாமல் வெளியே போனால் சம்பளமும் இல்லை இடமும் இல்லை என்பது நிபந்தனை.

வீடு தூரத்தில் இருந்திருந்தால் மனசு ஒருவழியாக அடங்கியிருக்கும். எங்கள் வீடோ கடலுக்கு அந்தப் பக்கம், பிறை ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. விடுதி மாடியில் நின்றால் வெல்ட் கீ துறைமுகத்துக் கிடங்குகளின் கூரைகளுக்கு மேலே அக்கரை தெரியும். இரு கரைக்கும் போய்வரும் ஃபெர்ரிப் படகு ஊதுவது வகுப்புக்குள் கேட்கும். காற்று வாட்டமாக அடித்தால் ரயில் பெட்டிகளை இணைக்கிற சத்தம்கூட வரும். அங்கேதான் அப்பா கையில் விளக்கோடு ரயிலுக்கு வழி காட்டிக்கொண்டிருப்பார். நான் இங்கே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன்.

விடுதியில் சீனப் பையன்கள் சீனத்தில் சிரித்தார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் சிரித்தார்கள். தமிழ்ப் பையன்கள் எல்லோரும் மூன்று மணிக்கே வீடு போய்ச் சேருகிறவர்கள். வார்டன் சிலோன்காரர், தமிழர்தான். ஆனால் விடுதி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவர் வாயிலிருந்து ஆங்கிலம் தவிர வேறொன்றும் வராது. குளிக்கும்போது தொட்டித் தண்ணீரின் குளிருக்கு "ஐயோ அம்மா" என்று கத்துவது மட்டுமே நான் வாய்விட்டுப் பேசிய தமிழ். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் மேளச் சத்தம் காலையிலிருந்து கேட்டது. எங்களுக்கு அன்று கணக்குப் பாடம். நான் முக்கோணம் வரைந்துகொண்டே அழுதேன். பக்கத்துப் பையன் கண்ணில் தூசியா என்று கேட்டான், ஆமாம் என்றேன்.

இப்படியெல்லாம் ஆகும் என்று அப்பா முன்கூட்டியே நினைத்திருக்க வேண்டும். என்னைக் கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கே மாடி வராந்தாவில் நின்று அக்கரையை அளப்பதுபோலப் பார்த்துவிட்டு ஓர் ஏற்பாடு சொன்னார்.

"தம்பி, ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் இங்க வந்து நில்லு. நான் ஃபெர்ரி வந்து நிக்கிற ஜெட்டி முனையில நின்னு பச்சை வெளக்கை மூணு தரம் ஆட்டுறேன். பச்சை தெரிஞ்சா வீட்டுல எல்லாம் சரின்னு அர்த்தம். நீ நிம்மதியாப் படிக்கப் போயிரலாம்."

"சிவப்புக் காட்டுனா?"

"சிவப்பு எதுக்குடா காட்டப் போறேன்?"

அவர் கைவிளக்கின் தலையைத் திருப்பினால் உள்ளே கண்ணாடி மாறும். வெள்ளை, பச்சை, சிவப்பு. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்குச் சிவப்பின் அர்த்தத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாங்கள் நடக்கப் பழகும்போதே அதையும் பழகியிருந்தோம்.

முதல் நாள் இரவே பார்த்துவிட்டேன். அக்கரையில் மஞ்சள் மஞ்சளாக மினுங்கும் விளக்குகளின் நடுவே, பொட்டு வைத்ததுபோல ஒரு பச்சை. அது மங்கியது, தெரிந்தது, மறுபடி மங்கியது. மூன்று தரம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் வராந்தாவுக்கு ஓடுவேன். "அப்பா, இன்னைக்கு மீன் போட்டாங்க, நல்லாவே இல்ல" என்று அந்தப் பச்சையைப் பார்த்து மெதுவாகச் சொல்வேன். படிப்பு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பேன். அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே துணை அதுதான்.

தைப்பூசம் முடிந்து சில நாள் இருக்கும். அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். அந்த மாதத்து ஞாயிறன்று வீட்டுக்குப் போனபோது கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் கவலை எல்லாம் அவளைப் பற்றியே இருந்தது. அன்று இரவு வழக்கம்போல வராந்தாவுக்கு ஓடிப் பார்த்தேன். பச்சை இருக்கும் இடத்தில் சிவப்பு இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். சிவப்புதான். அம்மா போய்விட்டாள் என்றே நினைத்தேன். வார்டனிடம் சொல்ல வேண்டும், அனுமதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. படியிறங்கி, வாசலைத் தாண்டி, ஒரே ஓட்டமாகத் துறைக்கு ஓடினேன். வீட்டுக்குப் போகும் ஞாயிறுக்கென்று வைத்திருந்த சில்லறை கால்சட்டைப் பையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஃபெர்ரியில் ஏறிவிட்டேன்.

"என்ன தம்பி, ஏன் அழுவுறே?" என்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லண்ணே."

"ஒண்ணும் ஆவாதுலா. அழாம நில்லு" என்றார்.

அக்கரை நெருங்கியது. ஜெட்டியில் இன்னொரு ஃபெர்ரி விளக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு கட்டிக் கிடந்தது. அதைத் தாண்டி எங்கள் படகு திரும்பும்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். ஜெட்டி முனையில் தனியாக நின்று விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தார். பச்சை. மூன்று தரம் ஆட்டுவார், இறக்குவார், கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தரம் ஆட்டுவார். நான் சாப்பிட்டு வரத் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. எங்கள் படகைக் கவனிக்கவே இல்லை. பினாங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"அப்பா, அம்மாவுக்கு என்ன?"

"அவளுக்கு என்ன? அடுப்படியில இருக்கா. நீ எப்படிடா இங்க வந்தே?"

"சிவப்புக் காட்டினீங்களே!"

அப்பா கையிலிருந்த விளக்கைப் பார்த்தார். பிறகு திரும்பி, கட்டிக் கிடந்த அந்த ஃபெர்ரியைப் பார்த்தார். அதையே வெகுநேரம் பார்த்தார். வெட்கப்படுகிறார், என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அங்கே பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஆமாம்பா" என்றார் கடைசியில். "கை தவறிச் சிவப்பு திரும்பியிருக்கு. நான் கவனிக்கல. இப்ப சரி பண்ணிட்டேன், பாரு, பச்சை."

எனக்கு நிம்மதியும் கோபமும் சேர்ந்து வந்தன. அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். எங்கள் வீட்டு விளக்கு தண்டவாளங்களுக்கு அப்பால் தெரிந்தது. "இப்ப போனா இந்த ஃபெர்ரி போயிரும். படிப்பும் அதோட போயிரும். வா" என்று கையைப் பிடித்து, வந்த படகிலேயே என்னை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். வழியெல்லாம் என் தோளில் கை போட்டிருந்தார்.

வார்டன் விடுதி வாசலிலேயே நின்றிருந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, அப்பாவைப் பார்த்ததும் நிறுத்தி, நான் அங்கே முதல் முறையாகக் கேட்கும் தமிழில் சொன்னார். "பொடியனைக் காணேல்லையெண்டு எல்லா இடமும் தேடிப்போட்டம். சொல்லாமல் போனால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார். தப்பு இவன்மேல இல்ல. என்மேல" என்று அப்பா நடந்ததைச் சொன்னார். "பச்சைக்குப் பதிலாச் சிவப்பைக் காட்டிட்டேன். புள்ள பயந்துட்டான்."

வார்டனின் அண்ணன் எங்கோ ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். அதனால் அவருக்கு ரயில்வே தெரியும். அப்பா கையிலிருந்த விளக்கைப் பார்த்தார், இருட்டில் கடல் இருந்த பக்கம் பார்த்தார். "இவ்வளவு தூரத்துக்கு உந்த விளக்கு..." என்று ஆரம்பித்தார். அப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். வார்டன் சொல்ல வந்ததை விட்டுவிட்டார்.

"விளக்கை மாத்திக் காட்டினவன் எண்டு மேலிடத்துக்குத் தெரிஞ்சால் உங்கட வேலை நிலைக்குமோ?"

"நிலைக்காது சார்."

வார்டன் வாசலை விட்டு விலகி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேலே போம். போய்ப் படியும்" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது. என் இடம் எனக்கே இருந்தது.

அடுத்த நாள் இரவு அதே இடத்தில் பச்சை தெரிந்தது. அப்பா ஒழுங்காகக் காட்டுகிறார் என்று திருப்திப்பட்டேன். அடுத்த மாதத்து ஞாயிறன்று வீட்டுக்குப் போனபோது பெரிய மனது பண்ணி அவரை மன்னித்து, "இனிமே கண்ணாடியை நல்லாப் பாத்துத் திருப்புங்கப்பா" என்று புத்திமதியும் சொன்னேன். "சரிப்பா" என்றார். தங்கச்சி பிறந்திருந்தாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு அலுத்துக்கொண்டாள். "சோத்தைப் போட்டு வச்சா ஆறிப் போவுது. தெனமும் அந்த வெளக்கைத் தூக்கிக்கிட்டு ஜெட்டிக்குப் போயிடுறாரு. மழை பெஞ்சாலும் போறாரு. ஒங்கிட்ட அப்படி என்னதான் சொல்லுவாரோ!"

அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து, ஒரு மாலையில் அதே வெல்ட் கீ துறையில் ஃபெர்ரிக்காகக் காத்திருந்தேன். அக்கரையில் ஒரு பச்சைப் பொட்டு தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே கட்டிக் கிடந்த ஃபெர்ரியின் விளக்கு அது. படகு புறப்பட்டுத் திரும்பியதும் பச்சை மறைந்து, அந்த இடத்தில் சிவப்பு வந்தது. படகுக்கு வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதேன். கண்ணில் தூசியா என்று கேட்க இந்த முறை யாரும் இல்லை.

விடுதி மாடியிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தது ஒரு படகின் விளக்கோடு. அது ஒருநாள் மறுபக்கமாகத் திரும்பிக் கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். கைவிளக்கின் வெளிச்சம் ரயில் யார்டின் மறுகோடிக்குப் போனாலே அதிகம். அதை ஏந்தியே வாழ்ந்தவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் எனக்கு எட்டிவிடும் என்று ஆசைப்பட்டிருப்பார். அந்த ஃபெர்ரியைத் திரும்பிப் பார்த்தபோது அப்பாவுக்கு எல்லாம் புரிந்திருக்கும். மாடியிலிருந்து நான் அவர் விளக்கை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதும் புரிந்திருக்கும். சர்வீஸ் முழுவதும் ஒரு தடவைகூட விளக்கை மாற்றிக் காட்டாத மனுஷன், மாற்றிக் காட்டினேன் என்று அந்நியர் ஒருவர் முன்னால் கும்பிட்டு நின்றார். அதற்குப் பிறகும் அந்தப் பருவம் முடியும்வரை, சோறு ஆற ஆற, மழையில்கூட, யாருக்கும் தெரியாத பச்சையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எனக்காக ஆட்டிய பச்சையை நான் உண்மையில் பார்த்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு அதை அவரே சிவப்பு என்று சொல்லிவிட்டார், நானும் நம்பிவிட்டேன்.