பொதுச்சுவரில் அடைத்த வாசல்

மதிப்பிற்குரிய ஐயா,

உத்தமபாளையத்தில் எங்கள் ஐந்து வீட்டு வரிசையைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்து, தாங்கள் கணினியில் வரைந்து அனுப்பிய படம் கிடைத்தது. முகட்டுத் தேக்கு உத்திரமும் ஓட்டுக்கூரையும் ஐந்து வீட்டுக்கும் பொது என்பதைச் சரியாகவே குறித்திருக்கிறீர்கள். இரண்டாம் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் இடைப்பட்ட சுவரில் செங்கல் நிறம் மாறும் இடத்தை மட்டும் ‘பழுதுபார்த்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது வாசல். அதை அடைத்தபோது எனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்; எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்தருள்க.

பெண்கள் தெருவில் இறங்காமல் வீடுவிட்டு வீடு போவதற்கென்றே எல்லாப் பொதுச்சுவர்களிலும் அப்படியொரு வாசல் வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் பிறந்தது இரண்டாம் வீடு. உண்டதும் உறங்கியதும் பெரும்பாலும் மூன்றாம் வீட்டில், பிள்ளையில்லாத பெரியம்மாவிடம். எது உன் வீடு என்று கேட்டால் இரண்டையும் காட்டுவேன்.

என்னைப் பெற்ற அத்தாவின் அண்ணனும் பெரியம்மாவின் கணவருமான பெரியத்தா தம் வீட்டின்மேல் மாடி எழுப்ப எண்ணினார். பொதுச்சுவர் தாங்காது என்றார் அத்தா. பேச்சு முற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டோடு பழகிய வயதான கொத்தனாரை அழைத்து வாசலை அடைக்கச் சொல்லிவிட்டு, அண்ணனும் தம்பியும் ஜும்மாவுக்குப் போய் ஒரே வரிசையில் நின்று தொழுதார்கள்.

நான் அப்போது பெரியம்மா பக்கம் சோறு தின்றுகொண்டிருந்தேன். சுவர் என் கழுத்தளவு வந்துவிட்டது.

“ஏத்தா, அங்கனயா இங்கனயா, ஒண்ணச் சொல்லு. சாந்து காயுது” என்று என்னைக் கேட்டார் கொத்தனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபக்கமிருந்து அம்மா, “அக்கா, புள்ள அங்கனயே இருக்கட்டும். ஒத்தையில என்ன செய்வீக?” என்றாள்.

பெரியம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். “நல்லாருக்கே. பெத்தவ நீ இருக்கயில எனக்கெதுக்கு? புடி” என்று என்னைத் தூக்கிச் சுவருக்குமேல் நீட்டினாள். அம்மா கைகொடுக்கவில்லை. செங்கலின்மேல் குறுக்கே கிடந்தேன். வயிற்றில் ஈரச் சாந்து ஒட்டியது.

“ரெண்டு பேரும் சேந்து என் சொவரச் சாச்சுப்புடுவீக போல” என்றார் கொத்தனார். அதன் பிறகே அம்மா என்னை வாங்கிக்கொண்டாள்.

தெருவழியே பத்தடி நடந்தால் பெரியம்மா வீடு. எனக்கோ அது வேறு ஊராகிவிட்டது. இருவருக்குமே நான் வேண்டாத பிள்ளை என்று நம்பி, என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் பல நாள் இருவரிடமும் பேசாதிருந்தேன். தனக்கு மிகவும் வேண்டியதைத்தான் ஒவ்வொருத்தியும் மற்றவளுக்கு நீட்டினாள் என்பது அன்று எனக்கு எட்டவில்லை.

இக்கடிதத்தைத் தங்கள் படத்தோடு சேர்த்து வைத்திருக்க வேண்டுகிறேன்.