சித்ரகலா பஸ்ஸில் கண்ணயர்ந்த மதியம்

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் பன்னிரண்டு வருடமாக நிற்பவள் சித்ரகலா. தைத்து வரும் துணியை விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போகாது என்று பேர் எடுத்தவள். 2006-ல் அந்தப் பேருக்குக் கெட்ட காலம் வந்தது. காலை பத்து மணிக்கே கண் சொக்கும். நின்றபடியே தலை ஆடும். கை நுழைகிற அளவு ஓட்டையோடு ஒரு டீ-சர்ட் அவளைத் தாண்டிப் பெட்டிக்குள் போய்விட்டது.

"ஏனுங்க, ஊட்டுல தூங்கறதே இல்லீங்களா?" என்றார் சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி. மரியாதையாகத் திட்டு வாங்கினால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

தூங்காமல் என்ன? படுத்தவுடன் தூங்கிவிடுவாள். குறட்டைதான் அவளுடைய துக்கம். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்த் தங்கிய மறுநாள், "லாரி எப்பக் கெளம்புச்சு?" என்று சொந்தக்காரப் பெண்கள் சிரித்ததில் இருந்து அவள் எங்கேயும் இரவு தங்குவதில்லை. ஆம்பளை குறட்டை விட்டால் அசதி, பொம்பளை விட்டால் கேலி. புருஷன் மோகன்ராஜுக்குச் சாயப்பட்டறையில் எப்போதும் நைட் ஷிப்ட். பிள்ளைகள் இரண்டும் இடி விழுந்தாலும் எழாது. அதனால் வீட்டில் கேட்பதற்கும் ஆளில்லை.

பெரிய ஆர்டர் ஒன்று முடிந்த சந்தோஷத்தில் கம்பெனி எல்லோரையும் கொடிவேரி அணைக்குக் கூட்டிப் போனது. போகும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடி விழித்திருந்தாள். அணையில் குளியல், பொரித்த மீன், சோறு. திரும்பும் வழியில், கோபி ஊரைத் தாண்டும் முன்பே கண் மூடிக்கொண்டது.

விழித்தபோது பஸ் ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் கீழே குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னால கரகரன்னு ஒரு சத்தம் வந்துதுங்க. இப்பக் காணமே!" என்றார். பஸ்ஸில் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். பிறகு வெடித்த சிரிப்பில் அவளுக்கு முந்தானை போதவில்லை, முகத்தை மூட.

சிரிக்காதவள் பக்கத்து சீட் ரோஸ்மேரி ஒருத்திதான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, தையல் லைனில் டெய்லர்.

"யக்கா, சத்தம் கெடக்கட்டும். நடுவுல மூச்சே நின்னுட்டு. பத்து எண்ணுற வரைக்கும் வரல. நான் பயந்துட்டேன். நாளைக்கே டாக்டர்ட்ட போறோம்."

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண்மணி. சித்ரகலா வாயைத் திறக்கவே வெட்கப்பட்டாள்.

"தூங்கறப்ப தொண்டைத் தசை தளர்ந்துருமுங்க. காத்து போற வழி குறுகலா இருந்தா, உள்நாக்குப் பக்கம் அதிருது, அதான் சத்தம். வழி அடைச்சே போச்சுன்னா மூச்சு நிக்குது. மூளை எழுப்பி விடுது. ராத்திரி முழுக்க இப்படியேன்னா பகல்ல தூக்கம் வராம என்ன பண்ணும்?"

ஏன் குறுகியது என்று விசாரித்ததில் ஒவ்வொன்றாக வந்தது. பஞ்சுத் தூசியில் எப்போதும் மூக்கடைப்பு. ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய பதினாலு கிலோ. மல்லாந்துதான் படுப்பாள். மூக்குக்கென்று மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரை வேறு. அது தூக்க மயக்கம் தருவது, தொண்டையை இன்னும் தளர்த்துமாம். கோயம்புத்தூரில் உடம்பெங்கும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். 'ஸ்லீப் ஆப்னியா', தூக்கத்தில் மூச்சு நிற்கிற நோய், ஆரம்ப நிலைதான், எடை குறைத்தால் சரியாகும் என்றார்கள். ஒரு நோய்க்குப் பேர் கிடைத்ததில் அவளுக்கு அழுகையே வந்தது. நான் சோம்பேறி இல்லை!

ஒருக்களித்துப் படுக்க ரோஸ்மேரி வழி கண்டுபிடித்தாள். செக்கிங்கில் தள்ளிவிட்ட டீ-சர்ட் ஒன்றின் முதுகில் பை தைத்து, ரப்பர் பந்தைப் போட்டுவிட்டாள். மல்லாந்தால் குத்தும். மூக்குக்கு டாக்டர் கொடுத்த ஸ்பிரே, தூசிக்கு மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டி வேலை, இரவு வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் முடிந்து தின்னும் பரோட்டாவுக்கு விடை. எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. மேசையில் தலை ஆடுவதும் நின்றது.

ஒருநாள் கட்டிங் மாஸ்டர் பழனிமுத்து தயங்கித் தயங்கி வந்தார்.

"அந்தப் பந்து வெச்ச பனியன் ஒண்ணு வேணுமுங்க. எம்பட சம்சாரத்துக்கு."

"சைஸ் என்னங்க?"

"நாப்பத்திநாலுங்க."

அவர் சம்சாரம் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். சித்ரகலா சிரிக்கவில்லை. டாக்டர் பேரையும் எழுதிக் கொடுத்தாள்.

தை மாதம் சோமனூரில் தங்கை மகளுக்குச் சீர் விசேஷம். சித்ரகலா இரண்டு நாள் தங்கினாள், பெண்களோடு கூடத்தில் பாய் விரித்து. காலையில் தங்கையிடம், ராத்திரி சத்தம் வந்ததா என்று மெல்லக் கேட்டாள்.

"கொஞ்சம் வந்துச்சுக்கா. மிக்சி அளவுக்கு," என்றாள் தங்கை. "காப்பி குடிக்கலாம், வா."