விட்டத்தைத் தொடாத சுவர்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு முழம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேலே விட்டம், விட்டத்துக்கு மேலே நாட்டு ஓடு, அவை இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்தபோது எழுப்பின சுவர் அது. மேற்குப் பாதி என் வீட்டுக்காரருக்கு. கிழக்குப் பாதி அவர் அண்ணனுக்கு.

ஓடு வரைக்கும் அடைத்துவிடலாம் என்றுதான் மூத்தார் சொன்னார். வேண்டாம் என்றது நான். "நான் மறச்சித் துன்றவ இல்ல. எங்க வூட்ல இன்னா கொதிக்குதுன்னு அந்தாண்ட வூட்டுக்கும் தெரியட்டும்" என்று கொத்தனார் காதிலும் தெருவில் நின்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன். அப்போது எனக்கும் ஓரகத்திக்கும் நெய்ச் சொம்பு விஷயத்தில் மனத்தாங்கல். அவளைக் குத்திக்காட்டத்தான் அந்தப் பேச்சு. கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டார். சுவர் அந்த மட்டத்திலேயே நின்றுபோயிற்று.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அவர்கள் வீட்டு மீன்குழம்பு வாசனை எங்களுக்கு வந்தது, எங்கள் வீட்டு மொச்சைக்கொட்டை வாசனை அவர்களுக்குப் போயிற்று. மூத்தாரும் போனார், ஓரகத்தியும் போனாள். அவர்கள் மகன் பட்டணத்துப் பக்கம் வேலைக்குப் போனவன், வீட்டை உத்திரமேரூர் அரிசி வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டான். கூடத்திலும் அறையிலும் அரிசி மூட்டையை அடுக்கிப் பூட்டிக்கொண்டு போனார்கள். மனுஷர் இல்லாத வீடு. சத்தம் இல்லை, சண்டை இல்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. பேச்சும் கூடவே போய்விட்டது. இடது கை ஒன்றுதான் சொன்னதைக் கேட்கும். அவர் கட்டில் அந்த நடுச்சுவர் ஓரமாகக் கிடக்கிறது. எங்களுக்கு இருக்கிற ஒரே மின்விசிறி அங்கேதான், கொல்லைக்குப் போகிற கதவும் அங்கேதான். மார்ச்சளிக்காரர். மூச்சு எப்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். நான் அடுப்படியில் இருந்தாலும் கொல்லையில் இருந்தாலும் என் காது அந்த இழுப்பிலேயே இருக்கும். அது சீராகக் கேட்டால் என் வேலையும் சீராக நடக்கும்.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் காலை, கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டு நசுக்கின வாசனை வந்தது. ஒரு நிமிஷம், ஓரகத்தி ரசம் வைக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன். அவள் போய் நாலு வருஷம். கொஞ்ச நேரத்தில் பூண்டோடு கெட்டுப்போன கருவாட்டு வாடையும் சேர்ந்துகொண்டது. எனக்கு உச்சந்தலை விண்விண் என்று தெறித்தது. உள்ளே போய்ப் பார்த்தால் இவர் இருமுகிறார். நின்று நின்று இருமுகிற இருமல் இல்லை, விடாத இருமல். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைத்துக்கொள்ளக்கூட இடது கை ஏறவில்லை.

அன்று மத்தியானம் வியாபாரி பூட்டைத் திறந்து பார்க்க வந்தார். நல்ல மனுஷர், என் மகள் வயசு இருக்கும். வாசலில் நின்று கேட்டேன்.

"ஏம்பா நைனா, உள்ள எவன்னா சமைக்கிறானா? பூண்டு வாசன வருது."

"சமையலா? நீ ஒண்ணு ஆயா. அது மாத்திர வாசன. வண்டுக்கு வெச்சிக்கீறோம். அரிசியப் பாரு, கறுப்பா ஓடுது. ஒரு வாரம் தார்ப்பாய் போட்டு மூடிக் கெடந்தா செத்துடும்."

"எங்க வூட்டுக்குள்ள வர்தே."

"எப்டி வரும்? நடுவுல செவுரு கீதே."

"செவுரு பாதி தாம்பா கீது."

உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். விட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அந்தப் பக்கத்துத் தார்ப்பாயின் நீல நிறம் தெரிந்தது. "அடக் கடவுளே, இத்த ஏன் ஆயா மூடாம வுட்டீங்க?" என்றார். நெய்ச் சொம்புக் கதையை இவரிடம் எங்கே போய்ச் சொல்வது?

மறுநாள் விட்டத்திலிருந்து இரண்டு பல்லிகள் செத்து விழுந்தன. ஒன்று இவர் போர்வை மேலேயே விழுந்தது. எந்தக் காரியத்துக்கும் அந்தப் பல்லி சொல்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் நான் படி இறங்குவேன். தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. செத்து விழுந்தால் என்ன என்று அதில் இல்லை.

பழைய புடவை, சாக்கு, உர மூட்டையின் பிளாஸ்டிக் என்று கையில் கிடைத்ததையெல்லாம் துறட்டிக்கோலால் தள்ளித் தள்ளி அந்த இடைவெளியை அடைத்தேன். ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்துகளை எதைக்கொண்டு அடைக்கிறது? கொத்தனாரைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். "மண் செவுரு ஆயா. இது மேல கல்லு வெச்சா வவுத்தத் தள்ளிக்கினு இவுரு மேலயே சாயும். ஓடெல்லாம் எறக்கிட்டு அடியிலேர்ந்து எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய வேலைக்கு நாங்கள் எங்கே போவது?

மூத்தார் மகனுக்குப் போன் போட்டேன்.

"சின்னம்மா, வாடகைக்கு வுட்டது தான் நானு. அவுரு உள்ள இன்னா பண்றாருன்னு நான் வந்து பாத்துக்கினு இருக்க முடியுமா?"

"உங்க சித்தப்பாவுக்கு மூச்சு முட்டுதுடா."

"அந்த சந்த மூடியிருந்தா முட்டாது இல்ல? எங்கப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு, மூட வேணான்னு தெருவே கேக்கக் கத்தினது நீங்க தான்னு."

போனை வைத்துவிட்டேன்.

மகள் வாலாஜாபாத்தில் இருக்கிறாள். "அப்பாவ இட்டுனு இங்க வந்துடும்மா" என்றாள். சம்பந்தி வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைத்தது கிடையாது நாங்கள். மாட்டேன் என்றேன்.

பிறகு கிராம அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலியில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசியது. "மனு எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்புறேன். எழுதத் தெரியுமா, யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?" என்றது. "எனக்குத் தெரியும்" என்றேன். மூன்றாவது வரைக்கும் படித்தவள் நான். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனேன். அது படித்துவிட்டு, "என்ன மருந்துன்னு பேர் போடலியே? சும்மா நாத்தம்னு எழுதினா யாரும் வரமாட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்தது.

பேர் தெரிந்துகொள்ளத்தான் அந்த டப்பாவைத் தேடினேன். ஆடி மாதம் இரண்டாம் தடவை மாத்திரை வைத்தார்கள். தீர்ந்த டப்பாவைக் கொல்லை வேலிப் பக்கம் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். மண்டை ஓட்டுப் படம் புரிந்தது. பெரிய எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அடியில் எறும்பு வரிசை மாதிரித் தமிழ். வெயிலில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன், கண்ணில் நிற்கவில்லை. எதிர்வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் இருக்கிறது. கூப்பிட்டிருந்தால் ஒரு நொடியில் படித்துச் சொல்லியிருக்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறேனே. டப்பாவைத் துணி துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து தூறல். வாடை முன்னைவிட அதிகம். இவர் மார்பு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது, உதடு வெளுத்திருந்தது. அவரை எழுப்பி உட்காரவைக்கவும் எனக்குத் தெம்பு இல்லை. யாரையும் கூப்பிடவும் வாய் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வயலில் மருந்து அடித்துவிட்டு வந்தால் கையை வாய்க்காலில் கழுவுவோம். பூச்சித் தூள் கொட்டிப்போனால் தண்ணீர் விட்டுத் தள்ளுவோம். தண்ணீரில் கரையாத விஷம் என்ன இருக்கிறது? தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற பச்சை டியூபைத் துறட்டிக்கோலின் முனையில் கட்டினேன். சாக்கை ஒரு பக்கம் விலக்கி, சுவருக்கு மேலே நீட்டி, மோட்டாரைப் போட்டேன். அந்தப் பக்கம் தார்ப்பாயின் மேல் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. இவர் கட்டிலில் படுத்தபடி கோலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம்தான். சுர்ரென்று ஒரு சத்தம், காய்ந்த எண்ணெயில் ஈரக் கையை உதறின மாதிரி. வெள்ளையாக ஒரு புகை விட்டத்தின் கீழே நுழைந்து இந்தப் பக்கம் இறங்கியது. என் தொண்டை எரிந்தது. கோலை உருவிக் கொல்லையில் போட்டேன். மோட்டாரை நிறுத்தினேனோ, அதுவே நின்றதோ, நினைவில்லை. இவர் கட்டிலின் காலைப் பிடித்து இழுத்தேன், ஒரு சாணும் நகரவில்லை. வாசலுக்கு ஓடிக் கத்தினேன்.

ஏரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் மண்வெட்டியைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு கட்டிலை நாலு மூலையிலும் பிடித்து அப்படியே தூக்கித் தெருவில் வைத்தார்கள்.

அதில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னா ஆயா, நீ கூப்ட்டு இன்னிக்குத் தான் கேக்குறோம். தாத்தா இன்னா கனம் கனக்குறாரு, நல்லாத் தான் ஆக்கிப் போட்டுக்கீற" என்றாள். சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தியையும் நான் அதுவரைக்கும் எங்கள் வாசலில் உட்காரச் சொன்னதில்லை. தூறல் முகத்தில் விழாமல் அவள்தான் தன் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை இவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, வண்டி வரும் வரைக்கும் நின்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். பிழைத்தார். முன்னே இருந்த மூச்சு திரும்ப வரவில்லை. இப்போது இழுப்புக்கு நடுவில் ஒரு நிறுத்தம் விழுகிறது. அந்த நிறுத்தத்தில் நானும் நின்றுவிடுகிறேன். அந்த வீட்டில் இனிமேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். வேறு எங்கே என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மகள் கல்லின் மேலிருந்த டப்பாவை எடுத்துப் பார்த்தாள். "தண்ணீர் படக் கூடாது, பட்டால் விஷவாயு அதிகமாக வெளியேறும்" என்று வாய்விட்டுப் படித்தாள். "பாரும்மா, தமிழ்லயே போட்டுக்கீறான்" என்றாள். நான் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே வியாபாரி வந்தார். கையில் ஆர்லிக்ஸ் பாட்டில். கண் கலங்கி இருந்தது.

"மன்னிச்சிடு ஆயா. எல்லாம் என் தப்பு தான். அன்னிக்குத் தூறல்ல ஓடு ஒழுவியிருக்குது. மூட்டயெல்லாம் நனஞ்சி போச்சி. தண்ணி பட்டா தான் அந்த மாத்திர அப்டிப் பொங்கும். நான் ஓட்டப் பாத்து வெச்சிருக்கணும். நாளைக்கே ஆளப் போட்டுப் பூரா ஓட்டையும் மாத்திடறேன், உங்க பக்கமும் சேத்து."

நான் வாய் திறக்கிறதற்குள் கட்டிலில் இவர் இடது கை எழுந்தது. மேலே போய், விட்டத்தைக் காட்டி, அங்கிருந்து மெல்ல என் பக்கம் திரும்பியது.

வியாபாரி அண்ணாந்து பார்த்தார். "ஆமா தாத்தா, அங்க தான் ஒழுவியிருக்கும்" என்றார்.

நான் ஆர்லிக்ஸ் பாட்டிலை வாங்கி உள்ளே வைத்தேன்.

சொன்னபடியே ஓடு மாற்றினார். உடைந்த கைமரம் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். மனுவில் மருந்தின் பேரை எழுதி மகள் நீட்டினாள், கையெழுத்துப் போடு என்றாள். நான் போடவில்லை. "இவ்ளோ நடந்தும் ஏம்மா?" என்று கேட்டாள். "போனா போவட்டும்" என்றேன். அவள் என்னைப் பெரிய மனசுக்காரி என்று அவள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது மாத்திரை வைக்கிறதற்கு முந்தின நாளே வியாபாரி சொல்லிவிடுகிறார். வேறு இடம் பார்க்கிறேன் என்கிறார், கிடைக்கிறபாடாக இல்லை. நாங்கள் வண்டி வைத்துக்கொண்டு வாலாஜாபாத் வந்துவிடுகிறோம். கை நனைக்க மாட்டேன் என்றவள், மூன்றாவது தடவையாக எட்டு நாள் பத்து நாள் சம்பந்தி வீட்டுத் தட்டில் சாப்பிடுகிறேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டாவது முறை சோறு போடும்போது மட்டும் நானே போதும் என்று கையை மறித்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் இங்கே உட்கார்ந்துதான் மகளுடைய பழைய நோட்டில் எழுதுகிறேன். இன்று காலை வியாபாரி போன் செய்தார்.

"ஆயா, எட்டு நாள் ஆயிடிச்சி. கதவெல்லாம் தொறந்து வுட்டேன். வாசனையே இல்ல. நீங்க வரலாம்."

"மெய்யாலுமே போயிடிச்சா நைனா?"

"எனக்கு ஒண்ணியும் தெரியல ஆயா. நீ வந்து பாரு."

நைனா, அன்னிக்கு ஓடு ஒழுவல என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிப்பா, வரோம்" என்றுதான் வந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் விழித்திருக்கிறார். மேலே காங்கிரீட் தளம், வெள்ளை அடித்தது, பார்க்க ஒன்றும் இல்லை. என்னைத்தான் பார்த்தார். இடது கை கொஞ்சம் எழுந்தது.

தண்ணீரா என்று கேட்டேன். டம்ளரில் கொண்டுவந்து உதட்டில் வைத்தேன்.

அவர் குடிக்கவில்லை.