அல்சீத்தின் வாய்க்குக் கம்பி போட்ட வருஷம்

என் பெரியம்மா ஒடீல் லெமெலுக்கு ஐந்து பிள்ளைகள். மற்ற நாலு பேரும் பேசியிருக்க வேண்டியதையும் சேர்த்துக் கடைசிப் பிள்ளை அல்சீத் பேசித் தீர்த்தான். ஞானஸ்நானத்தில் பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றியபோது இவன் போட்ட கூச்சலில் அவர் ஜெபத்தை மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாராம். பெரியம்மா இதை ஏதோ அற்புதம் நடந்த மாதிரி எல்லோரிடமும் சொல்வாள்.

லூசியானாவில் எங்கள் ஊருக்கு ஒரு சர்க்கரை ஆலை உண்டு, ஒரு தேவாலயம் உண்டு, வெள்ளிக்கிழமை ஆனால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதுகிற பள்ளிக்கூடத்து அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் உண்டு. நாலாவதாக ஒன்றைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பதினைந்து வயதிலேயே அல்சீத் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் அகலம் இருந்தான். அவனைத் தடுப்பு வரிசையின் நட்டநடுவில் நிறுத்தினார்கள். எதிரணியின் சென்டர் குனிந்து, பந்தைத் தன் கால்களுக்கு நடுவே, பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கிடம் தருவான். அவனுக்கு மூக்கோடு மூக்காக நின்று, பந்து அசைந்ததும் அவனை ஒரு மூட்டையைப் போலத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும். இதுதான் அல்சீத்தின் வேலை. அவனுக்கு இடப்பக்கம் நான். என் முட்டி பள்ளிக்கூடத்தோடு ஓய்வு வாங்கிக்கொண்டது. நான் கரும்பு லாரி ஓட்டப் போனேன். அவன் மேலே மேலே போனான்.

எதிரியைத் திட்டுகிறவர்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். அல்சீத் திட்ட மாட்டான். குடும்ப விஷயம் விசாரிப்பான்.

"டேய், வரும்போது கராஜ் கதவ மூடினியா?"

சென்டருக்கு ஒரு கணம் சந்தேகம் வரும். மூடினோமா? அந்த ஒரு கணம் போதும். அடுத்த கணம் அவன் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கல்லூரி முடிந்ததும் மில்வாக்கி அணி அவனை எடுத்துக்கொண்டது. கடையை மூடும் நேரத்தில் மிச்சமிருக்கிற வெண்டைக்காயை அள்ளிப் பையில் போடுவோமே, அப்படி எடுத்தார்கள். பேச்சு அவனோடு வடக்கே போனது. பல்லில் ஏதோ கீரை ஒட்டியிருக்கிறது என்பான். உன் அம்மா போன வாரம் போன் பண்ணினார்களாமே, நீ எடுக்கவில்லையாமே என்பான். பெரிய பெரிய ஆட்கள் பந்து அசைவதற்கு முன்னாலேயே அசைந்து அபராதம் வாங்கினார்கள். ஒரு தடவை நடுவரே சிரித்துவிட்டு, விசிலை ஊத மறந்தார்.

கோச் ஹார்லன் ஸ்ட்ரைகருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தேவாலயத்தில் பாட்டுப் பாடும்போதுகூட உதட்டை அளந்து திறக்கிற ஆள் அவர்.

"லெமெல், ஒரு நாளாவது வாய மூடிட்டு ஆடியிருக்கியா?"

"கனவுல ஒரு தடவ ஆடினேன் கோச். அப்பவும் பேசிட்டுதான் இருந்தேன்னு டெல்ஃபின் சொல்றா."

டெல்ஃபின் அவன் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை. பகலில் முப்பது பிள்ளைகள், சாயங்காலம் இவன்.

ஐந்தாவது வருஷம், இலையுதிர் காலத்தில், தாடை உடைந்தது. எதிரி உடைத்தான் என்றாலாவது கௌரவமாக இருந்திருக்கும். உடைத்தவன் எங்கள் ஆள், பின் வரிசையில் நிற்கிற ஃபெட்டு என்கிற சமோவாக்காரன். பந்தோடு ஓடியவனை இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து பிடித்தார்கள். ஃபெட்டுவின் முழங்கை வந்தபோது அல்சீத் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான். மூடிய வாயாக இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்றார் மருத்துவர். ஃபெட்டு வேண்டுமென்றே இடித்தான் என்று அணியில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அவனுக்கு பியர் வாங்கிக் கொடுத்தார்கள்.

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள்.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டாள் டெல்ஃபின்.

"ஆறு வாரம்."

"கொஞ்சம் சேத்துப் போட முடியாதா?"

கட்டிலில் கிடந்தவன் கையால் ஒரு பதில் சொன்னான். ஆசிரியை பார்க்கக் கூடாத பதில்.

செய்தி கேட்டு பெரியம்மா ஒரு அண்டா கம்போவோடு பஸ் ஏறி வந்தாள். நண்டும் இறாலும் வெண்டைக்காயும் போட்டு அவள் கொதிக்க வைக்கிற குழம்புக்கு எங்கள் ஊரில் சண்டை நடக்கும். அதை உறிஞ்சுகுழலில்தான் குடிக்க முடியும் என்று டெல்ஃபின் மிக்ஸியை எடுத்து வைத்தாள்.

"கம்போவ மிக்ஸியில அரைக்கிறதா? ஏம்மா, அந்த நண்டு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"உங்க புள்ள பட்டினி கெடக்கணுமா அத்தை?"

பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். சேற்று நிறத்தில் வந்ததை அல்சீத் குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா, ருசியா, அவமானமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இரண்டு வாரம் கழித்து டெல்ஃபின் எனக்குப் போன் செய்தாள். குரலில் கேலி போயிருந்தது.

"ரெமி, வீடு காலியா இருக்கு."

"அவன் எங்க போனான்?"

"எங்கயும் போகல. எதிர்லதான் உக்காந்திருக்கான். ஆனா காலியா இருக்கு."

மருத்துவர் சம்மதிக்க, முகத்துக்குத் தனியாக ஒரு கூண்டு செய்து மாட்டி அவனை மறுபடி ஆட விட்டார்கள். எதிரணி ஒமாஹா. அவர்களுடைய சென்டர் ப்ரெக் டோல்சன் அல்சீத்திடம் வருஷக்கணக்காக அவதிப்பட்டவன். தாடைச் சேதி அவன் காதுக்கு எட்டவில்லை. எட்டினாலும் நம்பியிருக்க மாட்டான். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்து குனிந்தான். எதிரே கூண்டுக்குள் இரண்டு கண்கள். சத்தமே இல்லை. டோல்சன் ஒரு காதுப் பஞ்சை எடுத்தான். பிறகு இன்னொன்றையும் எடுத்தான்.

"என்னடா, ஒண்ணும் சொல்லல?"

பந்து அசைந்தது. டோல்சன் விழுந்தான். எழுந்து வந்தான்.

"கோவமா? போன தடவ உன் கால மிதிச்சேனே, அதுக்கா? தெரியாம பட்டுச்சுடா, சத்தியமா."

மறுபடியும் விழுந்தான். பாதி ஆட்டம் தாண்டியபோது டோல்சன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் தங்குவதாக ஈஸ்டருக்கு வந்த மாமியார் இன்னும் கிளம்பவில்லையாம். அவன் டிவி பார்க்கிற அறையில் தையல் மிஷினைப் போட்டுவிட்டாளாம். நாய்கூட இப்போது அவள் பேச்சைத்தான் கேட்கிறதாம். ஒரு மனிதன் இதையெல்லாம் கொட்டிக்கொண்டே மூட்டை மாதிரி உருண்டதை ஊரில் நாங்கள் பீட்டர்ஸன் பாரில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். என்ன பேசுகிறான் என்றுதான் கேட்கவில்லை. அன்று அல்சீத் குவார்ட்டர்பேக்கை மூன்று தடவை தரையில் போட்டான். அதுவரை ஒரு முழு வருஷத்திலும் அவன் செய்யாத காரியம் அது.

தொடர்ந்து எல்லா ஆட்டமும் அப்படியே. பத்திரிகைகள் 'ஊமைச் சுவர்' என்று பெயர் வைத்தன. கம்போத் தண்ணீரில் பதினைந்து கிலோ இளைத்ததால் வேகம் வந்தது என்றார் மருத்துவர். கோச் ஸ்ட்ரைகர் பேட்டிக்குப் பேட்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஒழுக்கம்னா இதுதான்" என்றார். கம்பி போட்டது அவர்தான் என்று யாராவது நினைத்திருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார்.

கம்பி கழற்றியதும் நான் மில்வாக்கி போனேன். அவன் வாயைத் திறந்தால் அணை உடைந்த மாதிரி கொட்டும் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினான்.

"எப்படிடா இருந்துச்சு?" என்றேன்.

"பயமா இருந்துச்சு."

"உன்னப் பாத்து மத்தவன்ல பயந்தான்."

"அது அவன் கத. அங்க குனியிறப்ப எல்லாருக்கும் எழுந்து ஓடிப் போயிடலாம்னு தோணும் ரெமி. சின்ன வயசுலேருந்தே எனக்கு அப்படித்தான். பேச ஆரம்பிச்சா தெரியாது. கம்பியோட ஆடினப்ப ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுது."

பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் அவன் தோளை ஒட்டி நின்றவன் நான். எனக்கு இது தெரியாது.

அரையிறுதி ஆட்டத்துக்கு மறுபடி ஒமாஹா வந்து நின்றது. உடை மாற்றும் அறையில் கோச் அவன் தோளில் கை போட்டார். அவர் யாரையும் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

"லெமெல், இன்னிக்கும் அதே மாதிரி. ஒரு வார்த்த கூடாது. எனக்காக."

"சரிங்க கோச்."

முயற்சி செய்தான், பாவம். கம்பி இருந்தபோது பேச முடியாது. இப்போது பேசக் கூடாது. இரண்டும் ஒன்றில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதிலேயே அவன் கவனமெல்லாம் போயிற்று. முதல் பாதியில் டோல்சன் அவனை நகர்த்தி நகர்த்தி வழி திறந்துவிட்டான். டோல்சனுக்கே அதில் சந்தோஷம் இல்லை.

"தாடை சரியாப் போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். என்கிட்ட மட்டும் பேச மாட்டியா? நான் உன்கிட்ட எவ்வளவு சொல்லியிருக்கேன்!"

கடைசி நிமிடம். எங்கள் அணி நாலு புள்ளி முன்னால். ஒமாஹாவுக்குக் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுக்க இரண்டு கெஜம், ஒரே ஒரு வாய்ப்பு. அரங்கமே எழுந்து நின்றது. டோல்சன் குனிந்து பந்தின் மேல் கை வைத்தான். அல்சீத் ஓரத்தில் நின்ற கோச்சைப் பார்த்தான். பிறகு டோல்சனைப் பார்த்தான்.

"மாமியார் கெளம்பிட்டாங்களாடா?"

டோல்சனின் தலை நிமிர்ந்தது. முகமே மலர்ந்துவிட்டது என்று அல்சீத் சத்தியம் செய்வான்.

"எங்கடா! இப்ப அவங்க தங்கச்சியும்..."

பாதிப் பேச்சில் பந்து கையை விட்டுப் போய்விட்டது. குவார்ட்டர்பேக்கின் முட்டியில் பட்டுப் புல்லில் உருண்டது. அல்சீத் அதன் மேல் விழுந்தான். அவன் மேல் ஃபெட்டு, ஃபெட்டுவின் மேல் அரை நகரம். ஆட்டம் முடிந்தது.

கோச் ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீ பேசினியா?"

"ஒரு கேள்விதான் கேட்டேன் கோச். பேசினது அவன்."

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அங்கே எதிரணிச் சென்டர் ஜெர்மனியில் வளர்ந்தவன், யார் எதைச் சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை. அடுத்த வருஷம் அல்சீத்துக்கு எடை திரும்பியது, இடது முட்டியும் மக்கர் செய்தது. கோச் கையெழுத்துப் போட்டு அவனை வெளியே அனுப்பினார். இன்னும் இரண்டு அணிகளில் கொஞ்ச காலம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். உள்ளாட்சித் தேர்தலில் நின்றான். ஒரே மேடைக் கூட்டம்தான். பேச்சு முடிவதற்குள் ஓட்டுப் போட வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். தோற்றான்.

இப்போது தேவாலய மண்டபத்தில் வியாழன்தோறும் பிங்கோவுக்கு உருண்டை எடுத்து, அட்டையில் அடிக்க வேண்டிய எண்களைக் கூப்பிடுகிறான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கதை. போன வாரம், ஜெயிக்க ஒரே எண் பாக்கியிருந்த மிஸஸ் சோனியே நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"அல்சீத், அந்த உருண்டைய எடுத்துக் கையிலயே வச்சிருக்கியேப்பா. நம்பரச் சொல்லித் தொலையேன்!"

"இதோ சொல்றேன் ஆன்ட்டி. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உங்க பெரிய மகன் டெக்ஸஸ்லயா இருக்கான் இன்னும்?"

அவள் உட்கார்ந்தாள். மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.