மாப்பிள்ளையின் மூக்குக்கு ஒரு சாட்சி

கிள்ளானில் ஒரு மருத்துவமனை. மூன்றாவது மாடி. நான் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்கினாள். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். மிகையில்லை, முழுசாக ஒரு நிமிடம்.

"அங்கிள், கண்ணுக்குக் கீழ பை எடுக்கத்தானே வந்திருக்கீங்க? இந்தாங்க ஃபார்ம்."

"இல்லம்மா, நான் பேஷன்ட் இல்ல. கூட வந்த ஆளு."

"ஓ... சாரி அங்கிள்" என்றாள். ஆனால் ஃபார்மைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "பரவால்ல, வச்சுக்குங்க. தேவைப்படும்."

பிளாஸ்டிக் சர்ஜரி பகுதிக்குத் துணைக்குப் போனால் இதுதான் கதி. எலும்பு டாக்டரிடம் துணைக்குப் போனால் யாராவது உங்கள் முட்டியை முறைத்துப் பார்க்கிறார்களா?

அந்த மாடிக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். இல்லாத முகம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரு வகை. இருந்த முகம் திரும்பக் கிடைத்தால் போதும் என்பவர்கள் இன்னொரு வகை. நாற்காலி மட்டும் இருவருக்கும் ஒரே வரிசை.

என் தங்கை தேவியின் கணவர் குணசீலன் இரண்டாவது வகை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால், குணா காப்பாரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் எண்ணெய் ஆலைக்குப் போன லோரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை உருண்டு ரோட்டில் விழுந்தது. குணா பிரேக் பிடித்தார். மோட்டார் சைக்கிள் நின்றது. குணா நிற்கவில்லை.

கன்ன எலும்பில் விரிசல். மூக்கு உடைந்துவிட்டது. கண்ணைச் சுற்றி மங்குஸ்தீன் பழத்தோலின் கருஊதா நிறம். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் இப்படி எழுத வருகிறது. அன்று காலை தேவி போனில் அழுத அழுகைக்கு, நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் காலுக்கு ஒரு நிறமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு போனேன். மறுநாள்தான் அது கண்ணில் பட்டது.

டாக்டர் நம்ம தமிழ்ப் பிள்ளை. பூச்சோங்கில் வளர்ந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"வீக்கம் வடியணும் ஆன்டி. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள எனக்கு அங்கிளோட பழைய படம் ஒண்ணு வேணும். சைடுல எடுத்ததா இருந்தா நல்லது."

"படம் எதுக்கு டாக்டர்?" என்றாள் தேவி.

"உடைஞ்ச மூக்க எந்த ஷேப்புக்குக் கொண்டு போறதுன்னு எனக்குத் தெரியணும்ல? எது பழைய வளைவு, எது இப்ப வந்த வளைவுன்னு படத்தைப் பார்த்தாதான் சொல்ல முடியும்."

நியாயமான கேள்வி. குணாவின் மூக்கு விஷயத்தில் ரொம்ப நியாயமான கேள்வி.

அந்த மூக்கின் தண்டில், சரியாக நடுவில், ஒரு மேடு உண்டு. மேட்டைத் தாண்டியதும் அது லேசாக இடப்பக்கம் திரும்பிவிடும். சிக்னல் போடாமல். அவருடைய அப்பாவுக்கும் அதே மூக்கு. மகள் ரூபிணிக்கும் அதே மூக்கு, கொஞ்சம் சின்ன அளவில்.

ரூபிணிக்குப் பதினெட்டு வயது. இரண்டு மாதம் முன்னால் போனில் ஏதோ கிளினிக் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மூக்கை நேராக்கிக்கொள்கிறேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றாள். அன்று நானும் அங்கே இருந்தேன். குணா ஒரு பிரசங்கமே செய்தார்.

"இது நம்ம மூக்குடா. உன் தாத்தா வச்சிருந்தாரு, நான் வச்சிருக்கேன், எங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? இந்த மூக்கோடதான் உங்கம்மாவையே கட்டினேன். எவன் என்ன சொன்னாலும் நிமிர்ந்து நில்லு லா!"

ரூபிணி வாயை மூடிக்கொண்டாள். நான் கைதட்டாத குறை.

சரி, படத்துக்கு வருவோம். தேவி வீடு முழுக்கத் தேடினாள். கல்யாண ஆல்பத்தில் குணா தலைப்பாகையும் மாலையுமாக, மூக்கு நுனி மட்டும் தெரிகிறது. அடையாள அட்டையில் நேர்ப்பார்வை. அதில் யாருக்குமே மூக்கு இருப்பதில்லை, திகில் மட்டும்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அவர் முகத்துக்குப் பதில் முருகன். ரூபிணியின் போனில் அப்பா படம் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் எல்லாமே அழகூட்டும் ஆப் போட்டு எடுத்தவை. அவற்றில் குணாவைப் பார்த்தால் முகப்பவுடர் விற்கிற ஆள் மாதிரி இருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்கப் படம் எடுக்கிற காலம் இது. ஒரு மனிதனின் உண்மையான மூக்கு எங்கேயும் பதிவாகவில்லை!

"நீ தேடாத. நானே ஒண்ணு கொண்டு வரேன்" என்று குணா சொல்லிவிட்டார்.

நான் மூன்றாவது மாடியில் ஃபார்ம் வாங்கிய அந்த நாள்தான் படம் கொடுக்கும் நாள். குணா மடியில் நாளிதழ் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். பெயர் கூப்பிட்டதும் நாலு பேரும் உள்ளே போனோம். குணா, தேவி, ரூபிணி, நான். பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே, அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் வெள்ளிவிழாக் கல்யாணப் படம். ஃபிரேமோடு.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கிள்ளான்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஸ்டூடியோக்காரர்கள் படம் எடுப்பதோடு விடுகிறவர்கள் இல்லை. கேட்காமலேயே நிறத்தைக் கூட்டுவார்கள், வயதைக் குறைப்பார்கள், தொப்பையைக் கரைப்பார்கள். அந்தப் படத்தில் குணா பக்கவாட்டில் திரும்பி தேவியைப் பார்த்துப் புன்னகைக்கிறார். மூக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி.

டாக்டர் படத்தைப் பார்த்தார். கணினியில் ஸ்கேனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அங்கிள், எலும்புல இங்க ஒரு மேடு தெரியுது. பழைய மேடு மாதிரிதான் இருக்கு. ஆனா படத்துல மேடே இல்லையே? எது சரி?"

குணா, மூக்கடைத்த குரலில், கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "ஸ்கேனு தப்பா இருக்கும் டாக்டர்."

நான் தேவியைப் பார்த்தேன். தேவி கூரையைப் பார்த்தாள். ஏன் வாயைத் திறக்கவில்லை? காரணம் இருக்கிறது. அதே படத்தில் ஸ்டூடியோக்காரர் அவள் முகத்தின் இரட்டை நாடியையும் ஒற்றையாக்கியிருந்தார்.

நானும் பேசவில்லை. பாவம், இவ்வளவு வலி பட்ட மனிதர். அதற்கு போனஸாக ஒரு நேரான மூக்கு கிடைத்தால் நமக்கென்ன போச்சு?

"அப்ப மேட்டைச் செதுக்கிட்டு நேராக்கிடவா அங்கிள்? படத்துல இருக்கிற மாதிரி?"

"அப்படியே பண்ணிடுங்க டாக்டர்."

அப்போதுதான் பின்னாலிருந்து ரூபிணியின் குரல் வந்தது. சத்தமாக இல்லை. கோபமாகவும் இல்லை.

"அப்பா... எனக்கும் ஒரு செம்பனைக் குலை விழற ரோடு இருந்தா சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

குணா திரும்பி மகளைப் பார்த்தார். வீக்கத்தில் ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்த ஒரு கண்ணையும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். குனிந்தபோது பக்கவாட்டில் அந்த மேடு. அந்தத் திருப்பம். அப்பாவின் மூக்கு.

குணா மேசையிலிருந்த ஃபிரேமைக் கவிழ்த்து வைத்தார்.

"டாக்டர்" என்றார் குணா. "படந்தான் தப்பு. ஸ்டூடியோக்காரன் இழைச்சது. மேடு பழசு. எங்கப்பாவோடது."

டாக்டர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"ரொம்ப சரி அங்கிள். ஆனா வாயால சொன்னா எவ்வளவு மேடு, எவ்வளவு வளைவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கை வைக்காத படம் ஒண்ணு வேணுமே."

குணா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மச்சான். அந்தப் படம் இருக்கா?"

எந்தப் படம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இங்கே நான் ஒரு பழைய பாவத்தைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடம் முன்னால், பூச்சோங்கில் ஒரு உறவுக்காரர் கல்யாண விருந்து. குணா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். சுத்தமான பக்கவாட்டுத் தோற்றம். வாய் திறந்திருக்கிறது. கையில் கடித்த கோழிக்கால். நான் படம் எடுத்தேன். எடுத்ததோடு நிறுத்தியிருந்தால் நான் பத்திரிகையில் பத்தி எழுதப் போயிருக்கவே மாட்டேனே? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வரி வேறு: "தேவி, உங்க வீட்டு கேட் திறந்தே இருக்கு லா."

குரூப்பில் அறுபது பேர். சம்பந்தி வீட்டாரும் உண்டு.

எட்டு மாதம் குணா என்னோடு பேசவில்லை. தீபாவளிக்குப் போனால் முறுக்குத் தட்டை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். கடைசியில் தேவி இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பண்ணினாள். டிலீட் பண்ணிவிட்டேன் என்று சத்தியம் செய்தேன். குரூப்பிலிருந்து அழித்ததும் உண்மைதான்.

போனிலிருந்து? மனசு சரியில்லாத நாட்களில் பார்த்துக்கொள்ள ஒன்று வேண்டாமா?

ஆக, டாக்டர் அறையில் எனக்கு இரண்டே வழி. இல்லை என்று சொன்னால் என் சத்தியம் பிழைக்கும், மூக்கு போகும். இருக்கிறது என்று சொன்னால் மூக்கு பிழைக்கும். மறுபடி எட்டு மாதம் செடிக்குத் தண்ணீர்.

"இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீங்களாவது டிலீட் பண்றதாவது!"

"அண்ணே!" என்றாள் தேவி. அந்த ஒரு சொல்லில் இரண்டு வருடப் பஞ்சாயத்தும் இருந்தது.

படத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. அதற்கென்று தனி ஃபோல்டர் வைத்திருந்தேன். இதையும் குணா பார்த்துவிட்டார்.

டாக்டர் என் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, மூக்கின் மேல் போய் நின்றார்.

"பெர்ஃபெக்ட்! வெளிச்சம் நல்லா இருக்கு. சுத்தமான சைடு வியூ. மேடு, வளைவு எல்லாம் அப்படியே இருக்கு. யார் எடுத்தது?"

என் வாழ்க்கையில் என் புகைப்படக் கலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டருக்குள் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டு வைத்திருந்தார்களாம். மயக்க மருந்து ஏறும் முன் குணா கடைசியாகப் பார்த்தது அவருடைய திறந்த வாயையும், கோழிக்காலையும்தான். நர்ஸ்கள் எல்லாருக்கும் முகமூடி இருந்ததால் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை என்றார். எல்லாருடைய தோளும் குலுங்கியதாம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரிந்தது. இல்லாத முகத்தைத் தேடிப் போகிறவர்கள் யாரோ ஒருவர் படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார்கள். அதை நாம் கிண்டல் செய்கிறோம். இருந்த முகத்தைத் திரும்பக் கேட்கப் போகிற நாமும், கடைசியில், யாரோ ஒருவர் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம். ஹாலில் மாட்டியிருக்கும் அந்த யாரோ ஒருவர். இந்தப் பத்தியின் தலைமாட்டில் இருக்கும் என் படத்தை இப்போது நீங்கள் ஏற இறங்கப் பார்ப்பீர்கள். பாருங்கள். பன்னிரண்டு வருடம் முன்னால் எடுத்த படம். அதே ஸ்டூடியோ.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போயிருந்தேன். வீக்கம் முழுசாக வடிந்துவிட்டது. மேடு அதே இடத்தில். அதைத் தாண்டியதும் இடப்பக்கத் திருப்பம். சிக்னல் இல்லாமல். தேவி டீ கொடுக்கும்போது அந்த மூக்கை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனாள். ஹாலில் வெள்ளிவிழாப் படம் மறுபடி ஆணியில் ஏறிவிட்டது. அதில் அவளுடைய ஒற்றை நாடி இருக்கிறதே!

ரூபிணி அந்த கிளினிக் விளம்பரத்தை மறந்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அந்தப் படத்த எனக்கும் அனுப்புங்க."

"எதுக்குடா?"

"ரெஃபரன்ஸுக்கு."

அனுப்பினேன். காரில் ஏறினேன். குணா கேட் வரைக்கும் வந்து, கண்ணாடியைத் தட்டினார்.

"மச்சான், மூக்குதான் வந்துடுச்சே. இப்பயாச்சும் அந்தப் படத்த டிலீட் பண்ணுங்க லா."

"அப்பவே பண்ணிட்டேன் மாப்பிள்ளை" என்றேன், போன தடவை சொன்ன அதே குரலில்.