பசுவோடு ஒப்பிட்ட பால்

ஜாதவ்பூரில் ஒரு தனியார் லேபில் எட்டு வருடமாக நெய் சோதிக்கிறேன். நல்ல நெய் எது, எண்ணெய் கலந்த நெய் எது என்று சொல்வதுதான் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. "மேடம், சத்தியமா இது எங்க வீட்டு மாட்டு நெய்யி" என்று வியாபாரி கெஞ்சினால், ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அப்பேர்ப்பட்டவள் என் பாலையே கொண்டுபோய் அந்த நெய் சோதிக்கிற மெஷினில் விட்டேன். இன்று நினைத்தாலும் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். நான் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. மத்தியானம் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப் வைத்துப் பால் எடுப்பேன். சாயங்காலம் அதை ஐஸ் பையில் வைத்து, பஸ்ஸில் நசுங்கி, காளிகாட்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவேன். பிள்ளைப்பேறு பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மா மறுநாள் பகலில் அதை ஊட்டுவாள். ஊட்டிக்கொண்டே பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

"ஏட்டி, இதென்ன பாலு? கழனித் தண்ணி மாரில்லா இருக்கு. பிள்ள எப்படித் தேறும்?"

பிள்ளை தேறவில்லை என்பது உண்மை. போன மாதம் இருந்த எடையேதான் இந்த மாதமும். டாக்டர் பதற்றப்படவில்லை. பதினைந்து நாள் பார்ப்போம், ஏறாவிட்டால் பவுடர் பால் சேர்க்கலாம் என்றார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. என் பால் என் பிள்ளைக்குப் போதுமா, போதாதா? இந்த ஒரு கேள்விக்கு யாராவது நேராகப் பதில் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

யாரும் சொல்லவில்லை. மெஷினிடம் போனேன்.

எங்கள் மெஷினுக்குள் கொழுப்பை ஊசியால் ஏற்றினால், அது என்னென்ன வகையாகப் பிரிகிறதோ அதெல்லாம் திரையில் மேடு மேடாக ஒரு கோட்டில் வரும். அந்த மேட்டை நாங்கள் பீக் என்போம். பசு, எருமை, ஆடு ஒவ்வொன்றின் பாலுக்கும் ஒரு கோடு உண்டு. ஆட்டுப்பாலில் அந்தக் கவிச்சி வாடை தரும் கொழுப்புகள் தூக்கலாக நிற்கும். பசுவுக்கும் எருமைக்கும் ஆரம்பத்திலேயே ஒரு பீக் எழும். வெண்ணெய்க்கு வெண்ணெய் வாசம் கொடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நெய்யில் அந்த முதல் பீக் சூம்பிப்போய், பின்னால் இருக்கும் எண்ணெய் பீக்குகள் உப்பியிருந்தால் கலப்படம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

என்னோடு வேலை பார்க்கும் வங்காளி அக்கா, நான் தீதி என்று கூப்பிடுகிறவர், அந்த வாரம் குடும்பத்தோடு புரி கோயிலுக்குப் போயிருந்தார். பக்கத்து மேஜை காலி. ஒரு பாட்டில் பாலை எடுத்து, கொழுப்பைப் பிரித்து, ஊசியில் ஏற்றினேன். எந்த மிருகம் என்று கம்ப்யூட்டர் கேட்டது. பட்டியலில் பசு, எருமை, ஆடு, கலப்புப் பால். மனுஷி இல்லை. ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு பசு என்று போட்டேன்.

கோடு ஓடத் தொடங்கியது. முதல் பீக் வர வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. பின்னால் எண்ணெய் பீக்குகள் ஓங்கி நின்றன. கடைசியில், நெய்யில் நான் பார்த்தாலே முகம் சுளிக்கிற இடத்தில், சின்னதாக ஒன்று. கடுகெண்ணெய். கீழே சிவப்பு எழுத்தில் முடிவு வந்தது: தாவர எண்ணெய் கலப்படம்.

என் உடம்பில் ஊறிய பாலில் யார் எண்ணெய் கலந்தது? பாட்டில் சரியாகக் கழுவவில்லையோ என்று வேறு பாட்டிலில் மறுபடி செய்தேன். அதே கோடு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. படித்த புத்தி ஒரு பக்கம், இது பசு இல்லையடி என்றது. எட்டு வருஷப் பழக்கம் மறுபக்கம், முதல் பீக் இல்லை, முதல் பீக் இல்லை என்று கத்தியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. பழக்கம் ஜெயித்தது.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம்தான் பாய்ந்தேன். அவர் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். மீனோ கத்தரிக்காயோ, அவர் வீட்டில் எல்லாம் கடுகெண்ணெயில்தான் பொரியும்.

"உங்க வீட்டு எண்ணெய் எம் பால்ல வந்து நிக்குது" என்றேன்.

"அதே எண்ணெயிலதான் எங்கம்மாவும் சாப்பிட்டாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்? பாகல் ஹோ க்யா நீ?" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா, நல்லெண்ண ஊத்திச் சமைங்கன்னு" என்று அம்மா ஆரம்பித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அன்றிரவு நான் பிள்ளையைப் பாலுக்கு எடுக்கவில்லை. பவுடர் பால் வாங்கிவரச் சொன்னேன். ஐந்து நாள். மார் கட்டிக்கொண்டு வலி உயிர் போகும்போது மட்டும் பீய்ச்சிக் குளியலறையில் ஊற்றினேன். ஊற்றும்போது அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. நல்லது செய்கிறேனா கெட்டது செய்கிறேனா என்றே விளங்கவில்லை. நாலாம் நாள் வலி குறைந்தது. அது எதனால் என்று அப்போது யோசிக்கவில்லை, நிம்மதிதான் வந்தது.

திங்கட்கிழமை தீதி வந்தார். கையில் புரியிலிருந்து வாங்கிய காஜா இனிப்பு டப்பா. நான் டப்பாவை வாங்காமல் தாளை நீட்டினேன். பார்த்தார்.

"யார் நெய்? மோசமான சரக்கு."

"என் பால்."

தீதி சிரித்தார். பிறகு மேலே எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பசுன்னு போட்டிருக்கே! ஆரே பாபா, மனுஷப் பாலுக்கு அந்த முதல் பீக் கிடையாது. நமக்கு அதெல்லாம் வேற மாதிரி. நாம சாப்பிடற எண்ணெயோட சாயலும் பால்ல வரும். இந்த ஊர்ல எந்த வீட்டு அம்மா பாலைப் போட்டாலும் அந்தக் கடுகு நிக்கும். நானும் இதைத்தான் குடுத்தேன், என் பையன் ஃபுட்பால் ஆடறான்."

நான் தாளை வாங்கி மடித்தேன்.

"சரி, இதை எதுக்குப் பார்த்தே?"

"போதுமான்னு தெரிஞ்சுக்க."

"போதுமான்னு இது எப்படிச் சொல்லும்?" என்றார் தீதி. "இது என்ன கொழுப்புன்னு சொல்லும். உனக்கு எவ்வளவு ஊறுது, பிள்ளை எவ்வளவு குடிக்குதுன்னா சொல்லும்?"

எட்டு வருடமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்கு இது தோன்றவில்லை. நான் கேட்ட கேள்வி ஒன்று, அதனிடம் வைத்தது வேறு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. மாரில் கனம் இருக்கிறதா என்று கையைக் குறுக்கே வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருக்கிறது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது.

வீட்டில் அம்மா பவுடரைக் கலக்கிப் பாட்டிலை உள்ளங்கையில் உருட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை வாங்கி மடியில் போட்டேன்.

"எம் பால்ல ஒண்ணும் இல்லம்மா. நல்ல பாலுதான். நான்தான் மடச்சி" என்றேன்.

பிள்ளை வாயை வைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் மாற்றினேன். முதுகை வில்லாக வளைத்து வீறிட்டாள். பிறகு அம்மாவின் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

இத்தனை நாள் என் பாலைக் கழனித் தண்ணி என்ற அம்மா, பாட்டிலைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லடி தங்கம். இல்லவே இல்ல. அங்கன குடி. ஒங்கம்மகிட்ட குடி" என்று கெஞ்சினாள்.

பிள்ளை அந்த முந்தானையைப் பார்த்தே அழுதாள். தொண்டை கம்மும்வரை அழுதாள்.

"குடுத்துரும்மா" என்றேன். "அவளுக்குப் பசிக்குல்லா."